ஆறு ஸ்பீக்கருக்கு ஆறு மடங்கு பிட் வேண்டுமா?

ஒரு திரைப்படத்தின் 5.1 ஒலியைச் சுருக்காமல் அப்படியே வைத்தால் நொடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 24 பிட், ஆறு சேனல் என்ற கணக்கில் நொடிக்கு 69 லட்சம் பிட்டைத் தாண்டும். அதே ஒலி டிவிடியில் டால்பி டிஜிட்டலாக வரும்போது அதிகபட்சம் 448 கிலோபிட். பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு கழித்த பிறகும் ஹெலிகாப்டர் முதுகுப்பக்கத்திலிருந்து கிளம்பித் திரைக்குள் பறந்துபோகிறது. அது எப்படி நடக்கிறது என்பது பரவலாகத் தெரியாததால், சரவுண்ட் ஒலியைப் பற்றிய சில தவறான நம்பிக்கைகள் கடைக்காரர் முதல் ரசிகர் வரை நிலைத்துவிட்டன.

நம்பிக்கை: ஒரு சேனலுக்கு இவ்வளவு என்றால் ஆறு சேனலுக்கு ஆறு மடங்கு.

டால்பி டிஜிட்டலின் அடிப்படையான ஏசி-3 முறை, ஒலியை 32 மில்லிநொடித் துண்டுகளாக எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் கிடைக்கும் பிட்டுகள் எல்லாச் சேனல்களுக்கும் பொதுவானவை. கூட்டுக்குடும்பத்தில் ஒரே உலையில் வெந்த சோற்றை அவரவர் பசிக்கேற்பப் பரிமாறுவதுபோல அவை பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. இருவர் பேசும் காட்சியில் நடு ஸ்பீக்கருக்குப் பெரும்பங்கு போகும்; பின்பக்கச் சேனல்களில் ஒன்றுமில்லையென்றால் அவை ஏறக்குறைய எதையும் கேட்பதில்லை. 5.1 என்பதிலுள்ள அந்த '.1' 120 ஹெர்ட்ஸ் வரையிலான அடித்தொனிக்கு மட்டுமானது, ஆகவே அதன் செலவு மிகக் குறைவு.

இந்தச் சிக்கனம் கட்டாயத்தால் பிறந்தது. 35 மி.மீ. பிலிமில் பழைய ஒலித்தடத்தை அழிக்காமல் டிஜிட்டல் ஒலியையும் பதிக்க, ஓரத் துளைகளுக்கு இடையே இருந்த சிறு சதுரங்கள்தான் மிஞ்சின. அவற்றில் நொடிக்கு 320 கிலோபிட் அடங்கியது. 1992இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' அப்படித்தான் திரைக்கு வந்தது. அடுத்த ஆண்டு 'ஜுராசிக் பார்க்' படத்தோடு அறிமுகமான டிடிஎஸ் அந்த நெருக்கடியையே தவிர்த்தது: பிலிமில் நேரக்குறியை மட்டும் பதித்து, ஒலியைத் தனி சிடியில் அனுப்பியது.

நம்பிக்கை: சுருக்கினால் முதலில் தொலைவது திசை.

பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. திசையைக் குறிக்கத் தேவைப்படும் தகவல் வியக்கத்தக்க அளவுக்குச் சிறியது. காரணம் காதில் இருக்கிறது. இடப்பக்கத்து ஒலி இடக்காதை முதலில் அடைகிறது. வலக்காதுக்குப் போய்ச்சேர அதிகம் போனால் 0.7 மில்லிநொடி தாமதம் ஆகும். ஏறத்தாழ 1,500 ஹெர்ட்ஸுக்குக் கீழே மூளை இந்தத் தாமதத்தைத்தான் பெரிதும் நம்புகிறது. அதற்கு மேலே தலை தடுப்பதால் தூரத்துக் காதில் ஒலி குறைகிறது, அந்த அளவு வேறுபாடு திசையைச் சொல்கிறது. இந்த இரட்டை விளக்கத்தை இயற்பியலாளர் ராலே பிரபு 1907இலேயே முன்வைத்தார். இவற்றோடு மூன்றாவது ஒன்றும் உண்டு: இரு காதுகளிலும் விழும் ஒலிகள் ஒன்றையொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பது. ஒப்புமை மிகுந்தால் ஒலி ஒரு புள்ளியாகக் குவியும், குறைந்தால் அரங்கமாக விரியும்.

ஆகவே உயர் அதிர்வெண்களில் அலையின் ஒவ்வொரு நெளிவையும் சேனல்தோறும் அனுப்ப வேண்டியதில்லை. ஏசி-3 தேவைப்படும்போது அந்தப் பகுதியில் பல சேனல்களை ஒன்றாகக் கலந்துவிட்டு, ஒவ்வொரு சேனலிலும் எந்த அதிர்வெண் பட்டையில் எவ்வளவு ஒலி இருந்தது என்ற அளவை மட்டும் தனியே வைத்துக்கொள்கிறது. 2007இல் தரப்படுத்தப்பட்ட எம்பெக் சரவுண்ட் இன்னும் துணிச்சலானது. முழு 5.1 ஒலியையும் ஸ்டீரியோவாகக் குறைத்து, பட்டைவாரியாகச் சேனல்களுக்கிடையிலான அளவு வேறுபாட்டையும் ஒப்புமையையும் குறிப்புகளாக இணைக்கிறது. பெறும் கருவி அந்தக் குறிப்புகளை வைத்து ஸ்டீரியோவை மீண்டும் ஆறாகப் பிரிக்கிறது. ஒப்புமை குறைவாக இருக்க வேண்டிய இடத்தில், ஒலியின் சற்றே கலைத்த நகலைச் சேர்த்து விரிவை உண்டாக்குகிறது. மொத்தம் 64 கிலோபிட்டிலேயே கேட்கத்தக்க சரவுண்ட் கிடைக்கிறது. பழைய ஸ்டீரியோ கருவி குறிப்புகளைப் புறக்கணித்துத் தன் வேலையைப் பார்க்கும். இந்தத் துறையின் மிக அழகான யோசனை இதுதான்.

இந்த முறை தடுமாறும் இடமும் தெளிவானது: கைத்தட்டல். நூற்றுக்கணக்கானவர்கள் வெவ்வேறு திசைகளில் மில்லிநொடி இடைவெளியில் தட்டும்போது, ஒரு பட்டைக்கு ஒரு துண்டில் ஒரே ஒரு திசைக்குறிப்பு போதாது. தனித்தனித் தட்டல்கள் தம் கூர்மையை இழந்து ஒரே இரைச்சலாகக் குழம்பிவிடுகின்றன. புதிய கோடெக்குகளை, அதாவது ஒலியைச் சுருக்கி விரிக்கும் முறைகளை, சோதிப்பவர்கள் கைத்தட்டல் பதிவைத் தவறாமல் கையில் வைத்திருப்பது இதனால்தான்.

நம்பிக்கை: ஒவ்வொரு சேனலும் தனியே நன்றாக இருந்தால் சேர்ந்தும் நன்றாகவே இருக்கும்.

சுருக்கம் எப்போதும் கொஞ்சம் இரைச்சலைச் சேர்க்கிறது. அதை உரத்த ஒலியின் நிழலில் ஒளித்துவைப்பதே கோடெக்கின் திறமை. ஆனால் ஒலி ஒரு திசையிலும் இரைச்சல் வேறு திசையிலும் இருந்தால் அந்த நிழல் எட்டாது. தாழ்ந்த அதிர்வெண்களில் இந்த வேறுபாடு 15 டெசிபெல் வரை போகும். எம்பி3 உருவான காலத்தில் சுசான் வேகாவின் 'டாம்ஸ் டைனர்' பாடல் இதைக் கையும் களவுமாகக் காட்டிக்கொடுத்தது. பின்னணி இசையே இல்லாமல் குரல் மட்டும் நடுவில் ஒலிக்கும் பாடல் அது. இடத்தையும் வலத்தையும் தனித்தனியே சுருக்கியபோது, குரல் நடுவில் நிற்க, இரைச்சல் இருபுறமும் பரவியதால் அப்பட்டமாகக் கேட்டது. இரு சேனல்களின் கூட்டலையும் கழித்தலையும் சுருக்குவது தீர்வாயிற்று. அப்போது இரைச்சலும் குரல் இருக்கும் இடத்திலேயே விழுந்து மறைகிறது. சேனல்களை ஒன்றாக வைத்துப் பார்க்காத எந்தச் சுருக்கமும் வெளியுணர்வை, அதாவது ஒலியின் திசையையும் விரிவையும் உணர்வதை, காப்பாற்றாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

நம்பிக்கை: அட்மாஸில் ஒவ்வொரு ஒலியும் வீடுவரை தனியாக வருகிறது.

திரையரங்குக்கு இது ஏறத்தாழப் பொருந்தும். 2012இல் வந்த டால்பி அட்மாஸ், ஒரே நேரத்தில் 128 ஒலித்தடங்கள் வரை கையாளும். ஒவ்வொரு ஒலிப்பொருளுக்கும் அது அறையில் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு உண்டு. அவ்வாண்டு டிசம்பரில் 'சிவாஜி' முப்பரிமாணப் படமாகத் திரும்பி வந்தபோது தமிழ் ரசிகர்கள் அதைக் கேட்டனர். வீட்டுக்கு அத்தனையும் வருவதில்லை. அருகருகே இருக்கும் பொருள்கள் ஒரே கொத்தாக இணைக்கப்பட்டு, வழக்கமாக 12 முதல் 16 கொத்துகளாகின்றன. ஓடிடியில் இன்னும் ஒரு படி கீழே: 5.1 கலவை ஒன்றும், அதிலிருந்து அந்தக் கொத்துகளை மீட்டெடுக்கும் குறிப்புகளும் டால்பி டிஜிட்டல் பிளஸில் பயணிக்கின்றன. நெட்ஃபிளிக்ஸ் 2019இல் அறிவித்தபடி அட்மாஸுக்கான பிட் வீதம் 448 முதல் 768 கிலோபிட். சாதாரண 5.1க்கு 640 கிலோபிட் போதும், அதற்கு மேல் மூலத்திலிருந்து வேறுபாடு தெரியாது என்பதும் அந்நிறுவனத்தின் கருத்து.

இழப்பற்ற சுருக்கம்தான் உண்மையான சரவுண்ட் என்ற பேச்சையும் இங்கேயே பார்த்துவிடலாம். மூலத்தைக் காப்பகத்தில் வைக்கவும், மீண்டும் மீண்டும் திருத்தவும் இழப்பற்ற வடிவம் இன்றியமையாதது. வீட்டில் சரவுண்ட் சரிந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. ஒருமுறை சுருக்கியதை அவிழ்த்து வேறு முறையில் மறுபடி சுருக்கும்போது, மறைந்திருந்த இரைச்சல் ஒவ்வொரு கட்டத்திலும் கூடுகிறது. அதைவிட அற்பமான காரணமும் உண்டு. டிவியிலிருந்து சவுண்ட்பாருக்குப் போகும் ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி இணைப்பு சுருக்கப்பட்ட 5.1ஐக் கடத்தும், ஆனால் டிவியின் ஒலி அமைப்பில் சுருக்காத ஒலியைக் குறிக்கும் 'பிசிஎம்' தேர்வாகியிருந்தால் இரண்டு சேனல்தான் வெளியே வரும். சுருக்காத பலசேனல் ஒலிக்கு இ-ஏஆர்சி வேண்டும்.

ஹெட்போனில் இரண்டே ஸ்பீக்கர்கள் இருப்பதால் சரவுண்ட் வெறும் விளம்பரம் என்பதும் சரியல்ல, காதுகளும் இரண்டுதான். தலையும் காதுமடலும் ஒலியில் செய்யும் மாற்றங்களைப் போன் முன்கூட்டியே கணக்கிட்டு இரண்டு சேனலில் சேர்த்துவிடுகிறது. ப்ளூடூத்தில் இசைக்குரிய வழக்கமான இணைப்பும் அந்த இரண்டைத்தான் சுமக்கிறது. பிட் வீதம் மிகக் குறைந்து, கோடெக் காலதாமதத்தை விட்டுவிட்டு அளவு வேறுபாட்டை மட்டும் அனுப்பத் தொடங்கினால், வெளியே இருந்த ஒலி தலைக்குள் வந்துவிடும். தொலைபேசி அழைப்புக்கே வெளியுணர்வைக் கொண்டுவர, செல்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு தன் 18ஆம் வெளியீட்டில் தரப்படுத்திய ஐவாஸ் கோடெக், 13.2 கிலோபிட்டில் தொடங்கி 512 வரை செல்கிறது.