ஒரு சுவர் விழலாம், கட்டடம் விழலாமா?

அடுக்குமாடி வீடுகளில் வாழும் நமக்கு நிலநடுக்கம், சூறாவளி பற்றிய அச்சம் குறைவு. ஆனால், பெரும்பாலான சமையலறைகளில் எரிவாயுத் தோம்போ எரிவாயுக் குழாயோ இருக்கிறது. கசிந்த வாயு அறைக்குள் காற்றோடு கலந்து, ஒரு தீப்பொறி பட்டால் வெடிப்பு நிகழும். இத்தகைய தற்செயல் வெடிப்புகளை எதிர்கொள்ளக் கட்டடத்தை எவ்வாறு வடிவமைப்பது? பொறியாளர்களுக்கு இக்கேள்வியை எழுப்பியது 1968-ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த ஒரு விபத்து.

ரோனன் பாயிண்ட் தந்த பாடம்

கிழக்கு இலண்டனில் எழுப்பப்பட்ட ரோனன் பாயிண்ட் 22 மாடிக் கட்டடம். தொழிற்சாலையில் வார்க்கப்பட்ட கான்கிரீட் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதைக் கட்டியிருந்தனர். தூண்களும் உத்தரங்களும் கொண்ட சட்டகம் இல்லை. சுவர்களே மேல்மாடிகளைத் தாங்கின. மக்கள் குடியேறி ஏறத்தாழ இரண்டு மாதங்களே ஆகியிருந்தன.

1968 மே 16 அதிகாலை. 18-ஆம் மாடி மூலை வீட்டுப் பெண்மணி தேநீர் தயாரிக்கத் தீக்குச்சியைக் கிழித்தார். அடுப்புக் குழாயின் இணைப்பில் இருந்த தரமற்ற பித்தளை நட்டு உடைந்து வாயு கசிந்திருந்தது. வெடித்த வேகத்தில் வெளிச்சுவர் பெயர்ந்து விழுந்தது. தாங்க எதுவுமின்றி மேல்மாடிகள் சரிந்தன. அந்த எடை மோதியதில் கீழ்மாடிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கின. கட்டடத்தின் ஒரு மூலையே தரைவரை சரிந்தது. நால்வர் மாண்டனர், 17 பேர் காயமுற்றனர்.

வெடிப்பு நிகழ்ந்த வீட்டிலிருந்த அப்பெண்மணியோ உயிர் பிழைத்தார். அவருடைய செவிப்பறைகூடக் கிழியவில்லை. அந்த அளவுக்கு அது மிதமான வெடிப்பு. ஆக, வெடிப்பைவிடச் சரிவே உயிர்களைப் பறித்தது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். பலகைகளை இணைத்த மூட்டுகளே இக்கட்டடத்தின் அச்சாணி, அவை வலுவற்றிருந்தன.

வடிவமைப்பு வழிகள்

எல்லா வெடிப்பையும் தடுக்க இயலாது. எனவே, சிறிய காரணம் பெரிய அழிவாகப் பரவாமல் தடுப்பதே பொறியாளரின் நோக்கம். அதற்கு நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது, பிணைப்பு. தளங்களையும் சுவர்களையும் குறுக்கும் நெடுக்குமாகவும் மேலிருந்து கீழாகவும் தொடர்ச்சியான எஃகுக் கம்பிகளால் பிணைக்க வேண்டும்.

இரண்டாவது, மாற்றுப் பாதை. ஒரு தூணோ சுவரோ இல்லையென்று வைத்துக் கணக்கிட வேண்டும். அப்போதும் சுமை பக்கத்து உறுப்புகள் வழியாகத் தரையை அடைய வேண்டும். அங்கே தளம் தொய்ந்து போகலாம், விழக்கூடாது.

மூன்றாவது, முதன்மை உறுப்பு. மாற்றுப் பாதை அமைக்க இயலாத இடத்தில், அத்தூணையோ சுவரையோ சதுர மீட்டருக்கு 34 கிலோநியூட்டன் அழுத்தத்தைத் தாங்குமாறு வடிவமைக்கின்றனர். இஃது ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ மூன்றரை டன் எடையை ஏற்றுவதற்குச் சமம். ரோனன் பாயிண்ட் வெடிப்பைத் தொடர்ந்தே இந்த அளவு விதிகளில் இடம்பெற்றது.

நான்காவது, அழுத்தத்தை வெளியேற்றுதல். வாயு வெடிப்பில் அழுத்தம் நொடிப்பொழுதில் உயரும். சன்னல் கண்ணாடி முதலில் உடைந்து வழிவிட்டால், சுவரின் மீதான அழுத்தம் குறையும்.

தொழிற்சாலைகளில் தூரமும் வடிவமைப்பின் ஒரு பகுதியாகும். 1974 ஜூன் 1-ஆம் நாள் இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோ இரசாயன ஆலையில் நிகழ்ந்த வெடிப்பில் 28 பேர் மாண்டனர். அவர்களுள் 18 பேர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள். இதன் பின்னரே, இத்தகைய அறைகளை ஆபத்தான இடத்திலிருந்து தள்ளி அமைக்கவோ வெடிப்பைத் தாங்குமாறு கட்டவோ வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

நமக்கு என்ன?

பிரிட்டிஷ் விதிமுறைகளை நெடுங்காலம் பின்பற்றிய மலேசியாவும் சிங்கப்பூரும் பின்னர் ஐரோப்பிய விதிமுறைகளைத் தழுவின. இரண்டிலும் மேற்கூறிய பிணைப்பு விதிகள் உள்ளன. ஆயினும், ஏட்டிலுள்ள விதி மட்டும் நம்மைக் காக்காது. வரவேற்பறையைப் பெரிதாக்க விரும்பிச் சுவரை உடைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. வார்ப்புப் பலகைக் கட்டடங்களில் அச்சுவர் மேல்மாடிகளைத் தாங்கும் சுவராக இருக்கலாம். பொறியாளரைக் கேட்காமல் அதில் கைவைப்பது, வெடிப்பு செய்யக்கூடிய வேலையை நாமே செய்து முடிப்பதாகும்.

ரோனன் பாயிண்ட் பழுதுபார்க்கப்பட்டு, மக்கள் மீண்டும் குடியேறினர். 1986-ஆம் ஆண்டு அதைப் பிரித்தெடுத்தபோது, கான்கிரீட் நிரப்பியிருக்க வேண்டிய சில மூட்டுகளில் செய்தித்தாள்கள் திணிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. நாளை கட்டுமானத் தளங்களில் மேற்பார்வையாளராக நிற்கப் போகும் நண்பர்கள் இதை மறந்துவிடலாகாது. வரைபடத்தில் உள்ள கம்பி கட்டடத்திலும் இருக்கிறதா என்று, மூட்டை மூடும் முன் குனிந்து பாருங்கள். மூடிய பிறகு அதை யாரும் பார்க்க முடியாது.