கணக்கில் சேராத பாடம்



உயர்தரப் பரீட்சை நெருங்கும்போது எமது வகுப்பில் ஒரு கேள்வி எழும்: "பொது ஆங்கிலம் எழுதத்தான் வேண்டுமா?" சென்ற வருடம் ராத்தாமார் கேட்டார்கள். இவ்வருடம் நாங்கள் கேட்கிறோம். கலைப்பிரிவில் படிக்கும் நான், அந்த நாளில் வீட்டில் இருந்துவிடுவதென்றே முடிவெடுத்திருந்தேன். அதை ஏன் மாற்றிக்கொண்டேன் என்பதே இக்கட்டுரை.

முதலில் விதியைப் பார்ப்போம். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று பிரதான பாடங்களிலும் ஒரே தடவையில் குறைந்தது சாதாரண சித்தி பெற வேண்டும். பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி வேண்டும். இந்த அடிப்படைத் தகைமையில் பொது ஆங்கிலம் இல்லை.

இசற் புள்ளியிலும் அது சேராது. ஒரு பாடத்தில் நாம் பெற்ற புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் அப்பாடத்தின் இசற் புள்ளி வரும். ஒரு கற்பனைக் கணக்கு: தமிழில் நான் 65, சராசரி 50, நியம விலகல் 15 எனில் விடை 1. புவியியலில் 60, சராசரி 40, விலகல் 10 எனில் 2. இஸ்லாத்தில் 60, சராசரி 55, விலகல் 10 எனில் 0.5. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 1.1667. பொது ஆங்கிலத்தில் 90 எடுத்தாலும் 9 எடுத்தாலும் இந்த எண் மாறாது.

இக்கணக்கை உம்மாவிடம் காட்டி, "அந்த நேரத்தில் புவியியல் படிக்கலாம்" என்றேன். உம்மா சற்று நேரம் பேசவில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர் பத்தாம் வகுப்பு மாணவி. சோனகத் தெரு வீட்டை விட்டுப் புத்தளம் முகாமுக்குப் போனவர் சாதாரணதரப் பரீட்சை எழுதவேயில்லை. "எனக்கு எழுதக் கிடைக்கல்ல மகள். உனக்குக் கிடைச்சிருக்கு. வேணாமென்டு நீதான் சொல்றாய்" என்றார்.

அந்தப் பேச்சு மனதைத் தொட்டது. ஆனால் அதற்காக மட்டும் நான் மனம் மாறவில்லை. அனுமதி கிடைத்த பிறகு என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நான் விரும்புவது சட்டம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகிறது. மருத்துவமும் பொறியியலும் அப்படித்தான். சில கற்கைநெறிகள் தனியாக ஆங்கிலத் தகைமையும் கேட்கின்றன. ஆகவே, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கையேட்டில் நாம் விரும்பும் கற்கைநெறியின் பக்கத்தைப் பார்க்காமல் இப்பாடத்தைக் கைவிடக் கூடாது. இசற் புள்ளி எம்மைப் பல்கலைக்கழக வாசல் வரை கொண்டுபோகும். உள்ளே முதல் விரிவுரையை விளங்கிக்கொள்ள வேறொன்று தேவை.

இதற்காகப் பிரதான பாடங்களைக் குறைத்துப் படிக்கச் சொல்லவில்லை. மூன்று பாடங்களில் ஒன்றில் சித்தி தவறினால் ஆங்கிலத்தில் ஏ எடுத்தும் அனுமதி கிடைக்காது. எனவே நான் ஓர் அளவு வைத்திருக்கிறேன். நாளொன்றுக்கு அரை மணித்தியாலம் வாசிப்பு. வாரத்தில் ஒரு கடிதம் அல்லது சிறு கட்டுரை. மாதத்தில் ஒரு கடந்தகால வினாத்தாளை நேரம் வைத்துச் செய்வது. அவ்வளவுதான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இப்பாடத்தில் சாதாரண சித்திதான் வந்தது என்று பிள்ளையைக் கடிய வேண்டாம். புள்ளி கணக்கில் சேராத பாடம் என்பதால், பயமில்லாமல் பிழைவிட்டுப் பழகக்கூடிய பாடமும் இதுதான்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் என் ஆங்கிலக் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். அவர் இடையில் நிறுத்தி, "அதுக்கு என்ன கருத்து?" என்று கேட்பார். தமிழில் விளக்கத் தெரியாத சொல்லின் கீழே கோடிடுவேன். முதல் வாரம் பதினான்கு கோடுகள். போன வாரம் ஐந்து.