குதிரைக் கொட்டிலும் வீட்டுப் பழம்பொருள்களும்

குதிரை வளர்ப்பது செல்வந்தர்க்கு உரிய பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பந்தயக் குதிரைகளைப் படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை ஊர்களில் திருவிழாவை ஒட்டி மாட்டுவண்டி எல்கைப் பந்தயத்தோடு குதிரைவண்டிப் பந்தயமும் நடப்பதைப் பார்த்தவர்கள் வேறுவிதமாகச் சொல்வார்கள். அந்தப் பந்தயத்திற்காக மட்டக்குதிரை ஒன்றை மாட்டோடு மாடாகக் கட்டி வளர்ப்போர் பெரும் பணக்காரர்கள் அல்லர். கட்டுமாவடியில் என் சித்தப்பாவும் அப்படி ஒரு குதிரை வளர்த்தார். லாயம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. கீற்று வேய்ந்த மாட்டுக் கொட்டகையின் வடகோடியே குதிரையின் இடம். வீட்டில் பழசாகிப் போன பொருள்களே அங்கே அதன் உடைமைகள்.

விலங்கியல் மாணவன் என்ற முறையிலும், அந்தக் கொட்டகையில் ஒரு பிழை செய்து அதன் விளைவைக் கண்ணால் கண்டவன் என்ற முறையிலும் இதை எழுதத் துணிகிறேன்.

முதலில் சாக்கு. பழைய சணல் சாக்கைப்போல் கொட்டகைக்கு உதவும் பொருள் வேறில்லை. ஓடி வியர்த்து வந்த குதிரையின் உடம்பை அதனால் அழுத்தித் துடைக்கலாம். மார்கழிப் பனியில் முதுகில் போர்த்தலாம். நான்காக மடித்து நுகத்தடியும் பட்டையும் உராயும் இடத்தில் வைக்கலாம். சணல் ஈரத்தை உறிஞ்சும், காற்றையும் விடும். பிளாஸ்டிக் சாக்கு இவ்விரண்டையும் செய்யாது. போர்த்தினால் உள்ளே வியர்வை தேங்கித் தோல் வெந்துபோகும். யூரியா வந்த சாக்கைத் தவிடு கொட்டி வைக்கப் பயன்படுத்துவோரும் உண்டு. அது தவறு. மாட்டின் இரைப்பையில் யூரியா அம்மோனியாவாக மாறி நஞ்சாகும். பூச்சிமருந்து டப்பாவைக் கழுவித் தண்ணீர் மொள்ள வைத்துக்கொள்வதையோ சொல்ல வேண்டியதில்லை. எத்தனை முறை கழுவினாலும் அந்த டப்பா டப்பாதான்.

அம்மாவின் பழைய நூல்புடவையைக் கிழித்து மூன்று புரியாகப் பின்னினால் நல்ல தலைக்கயிறு கிடைக்கும். நைலான் கயிறுபோல் அது தோலை அறுக்காது. அதே புடவையின் முந்தானையை விரலகல நாடாக்களாகக் கிழித்து நெற்றிப்பட்டியில் குஞ்சமாகத் தொங்கவிட்டால், குதிரை தலையாட்டும்போதெல்லாம் கண்ணில் மொய்க்கும் ஈ விலகும். தேங்காய் மட்டையை நறுக்கி நாரைத் தட்டிவிட்டால் உடம்பு தேய்க்கும் தூரிகை ஆயிற்று. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபின் எங்கள் பக்கம் விழுந்து கிடந்த தென்னைகளின் மட்டையைக் கொண்டு பல மாதங்களுக்குக் கொட்டகை வேலை நடந்தது. அந்த நாள்களை நினைத்தால் இதை ஓர் ஆதாயமாகச் சொல்ல வாய் வரவில்லை.

இனி, கடற்கரைக்கே உரிய ஒரு தொல்லையைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் மண் மணல். தரையில் புல்லைப் போட்டால் குதிரை உதட்டால் துழாவி, புல்லோடு மணலையும் சேர்த்து உண்டுவிடும். அந்த மணல் பெருங்குடலில் படிந்து படிந்து ஒருநாள் கடும் வயிற்றுவலியாக வெளிப்படும். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது என்பதை விலங்கியல் மாணவர்கள் அறிவார்கள். உள்ளே போனது வெளியே வர ஒரே வழிதான். ஆகவே தீனியைத் தரையில் போடாமல் இருப்பதே முதல் மருந்து. பழைய பிளாஸ்டிக் டிரம்மைக் குறுக்கே அறுத்து, விளிம்பைத் தேய்த்து மழுக்கினால் தொட்டி ஆகிவிடும். லாரி டயரில் தொட்டி செய்வதுமுண்டு. ஆனால் தேய்ந்த டயரின் விளிம்பில் எஃகுக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்காமல் வைக்கக் கூடாது.

மணல் உள்ளே போகிறதா இல்லையா என்று அறிய ஒரு பழைய கண்ணாடிப் பாட்டில் போதும். காலையில் போட்ட சாணத்தில், மண்ணில் படாத ஐந்தாறு உருண்டைகளை எடுத்துப் பாட்டிலில் இட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, கால்மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். நார் மேலே நிற்கும்; மணல் அடியில் வெள்ளைக் கோடாகப் படியும். ஒரு தேக்கரண்டி அளவுக்கு மேல் படிந்தால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டியதுதான். ஒன்றும் படியவில்லை என்பதற்காக வயிற்றில் மணலே இல்லை என்று துணிந்துவிடவும் கூடாது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான் செய்த எந்தச் சோதனையைக் காட்டிலும் இந்தச் சோதனையே எனக்குப் பிடித்தது.

பழுதான ரேடியோவின் ஸ்பீக்கருக்குள் இருக்கும் காந்தத்தையும் எறிந்துவிட வேண்டாம். கொள்ளையும் தவிட்டையும் பரப்பி அதன்மேல் காந்தத்தை ஓட்டினால் ஆணித்துண்டும் கம்பித்துண்டும் ஒட்டிக்கொண்டு வரும். இது குதிரையைவிட மாட்டுக்கே மிகவும் வேண்டியது. குதிரை மேலுதட்டால் பொறுக்கி உண்ணும். மாடோ நாக்கால் சுருட்டி அப்படியே விழுங்கும். விழுங்கிய ஆணி, தேன்கூடு போன்ற உட்சுவர் கொண்ட இரண்டாம் இரைப்பையில் தங்கும். அதற்கு முன்னால், மெல்லிய உதரவிதானத்துக்கு அப்பால் இருப்பது இதயம். மற்றதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரே கொட்டகையில் நின்றாலும் மாடு வேறு, குதிரை வேறு. இதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே நான் படித்திருக்க வேண்டிய இடம் அந்தக் கொட்டகை. படிக்கத் தவறினேன்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறை. தரையில் புல் போடக் கூடாது என்று சித்தப்பா சொல்லியிருந்தார். மீன்பிடி ஊரில் கிழிந்த வலைக்கா பஞ்சம்? கழித்துப்போட்ட நைலான் வலை ஒன்றைப் பைபோல் கட்டி, புல்லைத் திணித்து, மாடுகளுக்கு எதிரே இருந்த கம்பத்தில் தொங்கவிட்டேன். மாடுகள் அமைதியாக இழுத்து இழுத்துத் தின்றன. நம் அறிவை நாமே மெச்சிக்கொண்டு, இன்னொன்று செய்து குதிரைக்கும் கட்டினேன். குதிரையையும் புது நைலான் கயிற்றால் அதே கம்பத்தில் பிணைத்தேன். புல் குறையக் குறைய வலை தளர்ந்து கீழே இறங்கும் என்பதை நான் எண்ணவில்லை. பசியோடு இருக்கும் குதிரை முன்னங்காலால் தரையைப் பறிக்கும் என்பதையும் எண்ணவில்லை. மாடு அப்படிச் செய்வதில்லை.

சத்தம் கேட்டு ஓடியபோது குதிரை ஒருக்களித்துக் கிடந்தது. முன்வலக்கால் வலைக்குள். உதறும்தோறும் நைலான் இழை இறுகிச் சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தலைக்கயிறும் அறாது, முடிச்சும் அவிழாது. சித்தப்பா மீன் அறுக்கும் கத்தியால் இரண்டையும் அறுத்தார். மருத்துவர் வந்து தையலிட்டு, இழுப்பு நோய்க்கான தடுப்பூசியும் போட்டார். குதிரைக்குத்தான் அந்நோய் மிக எளிதில் பற்றும் என்று அவர் சொல்லியே அறிந்தேன். அந்த ஆண்டு பந்தயத்துக்கு எங்கள் வண்டி போகவில்லை. சித்தப்பா என்னைத் திட்டவில்லை. “வலைக்கு மீனு எது, குதிரை எதுன்னு தெரியுமாடா தம்பி?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பின்னர் இதுபற்றித் தேடிப் படித்தபோது, உலகெங்கும் குதிரை வளர்ப்போர் கையாளும் ஓர் எளிய உபாயம் தெரியவந்தது. கம்பத்தில் நேராகக் கயிற்றைக் கட்டுவதில்லை. கம்பத்தில் முதலில் மெல்லிய சணல் நூலால் ஒரு வளையம் போட்டு, அந்த வளையத்தில்தான் தலைக்கயிற்றைக் கட்டுகிறார்கள். குதிரை மிரண்டு பின்வாங்கினால் கயிறோ கழுத்தோ அல்ல, சணல் அறும். மேலைநாடுகளில் வைக்கோல் கட்டிவரும் நூலையே இதற்குப் பயன்படுத்திவந்தார்கள். அந்த நூலும் பிளாஸ்டிக்காக மாறியபின், அது அறாது என்பதால் புரியைப் பிரித்து மெலிதாக்கிக் கட்டச் சொல்கிறார்கள். நாம் ஒரு பொருளை வாங்கும்போது, எவ்வளவு உறுதி என்றுதான் கேட்கிறோம். இங்கே தேவைப்படுவதோ சரியான நேரத்தில் அறுந்துபோகும் பொருள்!

இந்தக் கடற்கரைக்கும் குதிரைக்கும் பழைய உறவு உண்டு. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு வந்த வாதவூரர், திருப்பெருந்துறையாகிய நம் ஆவுடையார்கோவிலில் இறைவனுக்கு ஆட்பட்டார் என்பது நாம் எல்லோரும் கேட்ட வரலாறு. நரி பரியான கதையை விட்டுவிட்டுப் பார்த்தாலும், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டு மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை அயல்நாட்டிலிருந்து வாங்கியதையும், அவற்றுள் பெரும்பாலானவை பேணத் தெரிந்தவர் இல்லாமல் இறந்துபோனதையும் எழுதியிருக்கிறார். சோற்றையும் இறைச்சியையும் சமைத்துக் கொடுத்தார்களாம். குதிரை விற்ற வணிகர்களோ, குதிரை வைத்தியர்கள் இங்கே வந்துவிடாதபடி பார்த்துக்கொண்டார்களாம். குதிரைகள் சாகச் சாகத்தானே வியாபாரம்! கருவூலம் இருந்தும் மன்னர்களுக்கு நேர்ந்தது இது. நான் கெடுத்தது ஒரு காலை மட்டுமே என்று ஆறுதல்பட்டுக்கொள்ள இதைச் சொல்லவில்லை; பணம் இருந்தால் இந்தத் தவறு நேராது என்று நினைப்பவர்களுக்காகச் சொன்னேன்.

காயம் ஆறி, தழும்பின்மேல் வெள்ளை மயிர் முளைத்திருக்கிறது. குதிரை மறுபடி வண்டி இழுக்கிறது. புல்லை இப்போது டிரம் தொட்டியில் போடுகிறோம். கழித்த வலைக்கும் வேலை இருக்கிறது: வைக்கோற்போரின்மேல் விரித்து நான்கு மூலையிலும் கல் கட்டிவிட்டால் கடற்காற்று வைக்கோலைப் பறிக்காது. குதிரை கட்டும் கம்பத்தில் சணல் வளையம் தொங்குகிறது. மழையில் நனைந்து மட்கும் என்பதால் அமாவாசைதோறும் அதை மாற்றுவது என் வேலை. சென்ற ஐப்பசியில் இடி இடித்த ஒரு மாலை, கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். வளையம் அறுந்து கிடந்தது. குதிரை தலைக்கயிற்றை இழுத்துக்கொண்டு வைக்கோற்போருக்குப் பக்கத்தில் நின்று நனைந்துகொண்டிருந்தது. நான்கு காலையும் தடவிப் பார்த்துவிட்டு, சாக்கை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன்.