பின்னோக்கி ஏறும் சிறுநீர்



சளியும் இருமலும் இல்லாமல் குழந்தைக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தால், "பல் முளைக்கிற காய்ச்சல்" என்று தாய்மார் சொல்வதை வார்டில் நாங்கள் கேட்பதுண்டு. சில குழந்தைகளுக்குக் காரணம் சிறுநீர்ப் பின்னோட்டம்.

சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய், சிறுநீர்ப்பையின் சுவருக்குள் சாய்வாக நுழைகிறது. பை நிறையும்போது குழாய் அமுங்கி மூடிக்கொள்ளும். இது சிருஷ்டிகரின் ஞானம். சுவருக்குள் செல்லும் அப்பகுதி குட்டையாயிருந்தால் சிறுநீர் மேலேறும். கிருமியும் சேர்ந்து ஏறினால் சிறுநீரகத்தில் தழும்பு விழும், அது மாறாது.

லேசான பின்னோட்டம் பெரும்பாலும் வளர வளரத் தானே சரியாகும். தொற்று திரும்பத் திரும்ப வரும் பிள்ளைகளுக்கு முன்பு வயிற்றைத் திறந்து அறுவை செய்தார்கள். 1984-இல் டப்ளின் நகர மருத்துவர்கள் ஓ'டானலும் பூரியும் கீறலில்லாத வழியை வெளியிட்டார்கள். சிறுநீர்த் துவாரம் வழியே மெல்லிய கருவியை நுழைத்து, குழாய் வாயின் அடியில் டெஃப்லான் பசையை ஊசியால் ஏற்றினார்கள். வாய் மேடிட்டு மூடிக்கொள்ளும். இன்று பெரும்பாலும் டெக்ஸ்ட்ரானோமர் கூழ் பயன்படுகிறது. பல பிள்ளைகள் அன்றே வீடு திரும்புகிறார்கள். சிலருக்கு மறுமுறையும் ஊசி தேவைப்படும்.

கூழின் விலை அதிகம். சிறுநீர்ப் பரிசோதனைக்கோ செலவு குறைவு. நம் புதுச்சேரியிலேயே ஜிப்மரில் குழந்தைகள் அறுவைசிகிச்சைத் துறை உண்டு. ஆகையால், காரணம் தெரியாத காய்ச்சலோடு ஒரு குழந்தையை உங்கள் சபையில் கண்டால், கிருமிக்கொல்லி மருந்து தொடங்குமுன் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தழும்பு விழுமுன் ஒரு சிறுநீரகம் காக்கப்படலாம்.