தனியொருவர் நிமிர்த்தும் மடக்குக் கேரவன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கேரவன் என்றதும் தமிழ்நாட்டில் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் நடிகர்களின் வண்டி நினைவுக்கு வருகிறது. பிரிட்டனிலும் பிரான்சிலும் அச்சொல், எஞ்சின் இல்லாமல் காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லப்படும் வீட்டு வண்டியைக் குறிக்கிறது. அதில் ஒரு வகையே மடக்குக் கேரவன். பயணத்தின்போது அதன் கூரையும் சுவர்களும் கீல்களில் மடிந்து ஒரு தாழ்ந்த பெட்டியாகிவிடுவதால் எதிர்க்காற்றின் தடை குறைகிறது. முகாம் திடலில் நிமிர்த்தியதும் அது படுக்கையும் அடுப்பும் உள்ள ஓர் அறையாகிறது. பிரான்சில் 1961இல் கான்ஸ்டன்ட் ரூசோ தொடங்கிய ராப்பிடோ நிறுவனம் இவ்வகை வண்டிகளால் பெயர்பெற்றது.

குழந்தைகளுடன் தனியே பயணம் செல்ல விரும்பும் தாயோ தந்தையோ இவ்வண்டியைப் பற்றிப் பல நம்பிக்கைகளைக் கொண்டிருப்பதுண்டு. அவற்றுள் சில வீண் அச்சத்தையும், சில அதைவிடக் கேடான வீண் துணிவையும் தருவதால், இரண்டையும் பிரித்தறிவது அவசியமாகிறது.

நம்பிக்கை 1: பிரிட்டனில் இதை இழுத்துச் செல்லத் தனித் தேர்வில் தேறியாக வேண்டும்.

உண்மை: 1997 ஜனவரி 1 முதல் கார் உரிமம் பெற்றவர்களுக்கு முன்பு கனமான இழுவை வண்டிகளுக்கு அத்தகைய கட்டுப்பாடு இருந்தது, 2021 டிசம்பர் 16 முதல் அது நீக்கப்பட்டு, கார் உரிமம் உள்ளவர்கள் 3,500 கிலோ வரையிலான இழுவை வண்டியைத் தனித் தேர்வின்றி இழுக்கலாம் என்றாகிவிட்டது. எனினும் தம் கார் எவ்வளவு எடையை இழுக்க அதன் தயாரிப்பாளர் அனுமதித்திருக்கிறார் என்பதைப் பார்த்தே வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம்பிக்கை 2: காரிலிருந்து கழற்றியபின் வண்டியைக் கையால் பிடித்து நிறுத்திக்கொள்ளலாம்.

உண்மை: 750 கிலோ எடையுள்ள வண்டி, இருபதடிக்கு ஓரடி தாழும் மிதமான சரிவில் நின்றாலே, ஏறத்தாழ 37 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் கீழ்நோக்கி இழுக்கிறது, உருளத் தொடங்கிவிட்டால் தனியொருவரால் அதைத் தடுக்க இயலாது. காரைப் பின்னெடுக்கும்போது தானாகவே விட்டுக்கொடுக்கும் வகையில் அமைந்த பிரேக் உள்ள வண்டிகளில், கைப்பிரேக் போட்ட பின்னும், பின்னோக்கிச் சிறிது உருண்ட பிறகே பிடி முழுமையாக இறுகும். ஆகவே கைப்பிரேக்கை முழுவதும் மேலே இழுத்து, இரு சக்கரங்களுக்கும் முட்டுக்கட்டை கொடுத்த பிறகுதான் கொக்கியில் கை வைக்க வேண்டும்.

நம்பிக்கை 3: மூலைக்கால்களை ஏற்றி இறக்கி வண்டியை மட்டப்படுத்தலாம்.

உண்மை: மூலைக்கால்கள் எனப்படுபவை நான்கு மூலைகளிலும் தரையை நோக்கி இறக்கப்படும் ஊன்றுகோல்களே, அவை ஆட்டத்தை நிறுத்துவதற்கானவை, எடையைத் தூக்கும் ஜாக்கிகள் அல்ல. அவற்றைக் கொண்டு ஒரு மூலையை உயர்த்தினால் அடிச்சட்டம் முறுக்கிக்கொள்கிறது; சட்டம் ஒரு விரற்கடை முறுக்கினாலும் கீல்கள் இறுகி, சுவரின் விளிம்பு கூரையின் விளிம்போடு பொருந்தாமல், தாழ்ப்பாள் எட்டாமல் நின்றுவிடுகிறது. அந்நிலையில் தம்மிடம் வலுவில்லை என்று கருதிப் பலர் மேலும் அழுத்துகிறார்கள். உண்மையில் அங்கே குறைவது மட்டம்தான். கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டத்தை வண்டித் தளத்தில் குறுக்காக வைத்து, காரிலிருந்து வண்டியைக் கழற்றுவதற்கு முன்பே தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தை ஒரு சாய்வுக்கட்டையின் மேல் ஏற்றிவிட வேண்டும். கழற்றியபின் முன்பின் மட்டத்தை, கொக்கிக்கு அருகில் உள்ள ஜாக்கி சக்கரத்தைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். மூலைக்கால்களை மட்டம் சரியான பின்பே, தரையில் உறுதியாகப் பதியும் அளவுக்கு மட்டும் இறக்க வேண்டும்.

நம்பிக்கை 4: கூரையைத் தூக்க வலுவான இருவர் வேண்டும்.

உண்மை: ஒரு விளிம்பில் கீல் பொருத்தப்பட்ட 40 கிலோ பலகையை எதிர்விளிம்பிலிருந்து தூக்க, தொடக்கத்தில் 20 கிலோ அளவு விசையே போதும், ஏனெனில் மீதிப் பாதியைக் கீல் தாங்குகிறது, பலகைக்குச் செங்குத்தாகவே தள்ளிக்கொண்டு போனால், அது 60 பாகை நிமிரும்போது தேவை 10 கிலோவாகக் குறைகிறது. பல வண்டிகளில் இந்தச் சுமையிலும் பெரும்பகுதியை வில்கம்பிகளோ, அழுத்திய வாயு அடைத்த உந்துதண்டுகளோ ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் வாயுவின் அழுத்தம் குளிரில் தளர்வதால், கோடைப் பகலில் தானே எழும் கூரை பனிக்காலையில் பாதியில் நின்று இறங்கக்கூடும்; அதனால் பூட்டு விழும் ஓசை கேட்டு, அதைக் கண்ணாலும் பார்த்து உறுதிசெய்யும்வரை எவரும் கூரைக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது.

நம்பிக்கை 5: கூரையைத் தூக்க முடிகிறவருக்குக் காற்று ஒரு பொருட்டல்ல.

உண்மை: காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுகிறது, அதாவது வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று 2 சதுர மீட்டர் பலகையை நேராகத் தாக்கும்போது சுமார் 12 கிலோ எடைக்கு ஈடாகத் தள்ளுகிறது. 72 கிலோமீட்டரில் அது 48 கிலோவை எட்டிவிடுகிறது. பாதி எழுந்த கூரையைத் தனியே பிடித்திருப்பவரால் அந்த வீச்சைத் தாங்க முடியாது. பலத்த காற்றில் காத்திருப்பதே முறை. தனியே செல்பவர் இருட்டுவதற்கு வெகுமுன்பே திடலை அடைந்துவிட வேண்டும் என்பதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம்.

நம்பிக்கை 6: குளிர் இரவில் காற்றுத்துளைகளை அடைத்துவிட்டு அடுப்பைக் கொஞ்ச நேரம் எரியவிடலாம்.

உண்மை: காற்றோட்டம் குறைந்த சிற்றறையில் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடை வெளியிடக்கூடும், நிறமோ மணமோ இல்லாத அந்த நச்சுவாயு, உறங்குபவரை விழிக்கவிடாமலே கொல்லவல்லது. சூடேற்றுவதற்காக அடுப்பை எரிக்கக் கூடாது; அணைந்ததுபோல் தோன்றும் கரியடுப்பையும் உள்ளே கொண்டுவரக் கூடாது. எந்த வண்டியிலும், குறிப்பாக மற்றொரு பெரியவர் உடனில்லாதபோது, அந்த வாயுவைக் கண்டறியும் எச்சரிக்கை ஒலிப்பான் கட்டாயம் இருக்க வேண்டும்.

நம்பிக்கை 7: இன்னொரு பெரியவர் இல்லாதபோது பிள்ளைகள் ஒரு கை கொடுக்கலாம்.

உண்மை: கூரையைப் பிடித்துக்கொள்ளுமாறு பிள்ளையிடம் சொல்வது, தாங்க இயலாத சுமையை அப்பிள்ளையின் தலைக்குமேல் நிறுத்துவதாகும். பலகை சுழன்று விழக்கூடிய எல்லைக்கு வெளியே பிள்ளைகளை நிறுத்திவிட்டே தாழ்ப்பாளைத் திறக்க வேண்டும். அதே வேளையில், கண்ணும் குரலும் மட்டுமே தேவைப்படும் வேலைகளும் உண்டு. ஒரு பிள்ளை கூரை எழுவதற்கு முன் ரசமட்டத்தின் குமிழி நடுக்கோட்டுக்கு வந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்லலாம். பிறகு எல்லைக்கு வெளியே நின்று, அட்டையில் எழுதிய படிகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்து, “முடிந்தது” என்ற மறுமொழி வந்தபின் அடுத்ததைப் படிக்கலாம். சாய்வுக்கட்டை, கைப்பிரேக், முட்டுக்கட்டை, கொக்கி, ஜாக்கி சக்கரம், மூலைக்கால், கூரை, பூட்டு, சுவர் என்ற அந்த வரிசை பிறழாதவரை, மற்றொரு பெரியவரின் தோள்வலு இல்லாமலே வண்டி நிமிர்ந்து நிற்கும்.