பாதி ஏற்றத்தில் நின்ற வண்டி

அன்புள்ள மருமகனுக்கு,

ரோலர் கோஸ்டர் பாதி ஏற்றத்தில் நின்றுபோனதையும், அதற்கு முன் வண்டி ஒரு சாண் அளவு பின்னால் நழுவி 'டக்'கென்று பிடித்துக்கொண்டதையும் எழுதியிருந்தாய். அந்த நழுவலில்தான் உயிரே போய்விட்டது என்றாய். பிறகு ஊழியர்கள் ஏறி வந்து, பக்கவாட்டுப் படிக்கட்டு வழியாக எல்லோரையும் இறக்கிவிட்டிருக்கிறார்கள். இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்திருக்கிறாயாம். போவதும் போகாததும் உன் இஷ்டம், கண்ணா. ஆனால் அன்று உன் சீட்டுக்கு அடியில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு முடிவு செய்.

வண்டி மேலே ஏறும்போது 'டக டக டக' என்று ஒரு சத்தம் கூடவே வருமே, பயத்தைக் கூட்டுவதற்காக வைத்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வண்டியின் அடியில் ஓர் இரும்பு நாக்கு இருக்கிறது. தண்டவாளத்தை ஒட்டி ரம்பப் பல் போல ஒரு சட்டம் ஓடுகிறது. ஏற ஏற அந்த நாக்கு ஒவ்வொரு பல்லையும் தாண்டித் தாண்டி விழுகிறது, சத்தம் அதனுடையது. இழுக்கும் சங்கிலி நின்றாலும் அறுந்தாலும், கடைசியாகத் தாண்டிய பல்லில் நாக்கு மாட்டிக்கொள்ளும். இரண்டு பற்களுக்கு இடையே எவ்வளவு தூரமோ அவ்வளவுதான் வண்டி பின்னால் போக முடியும். உனக்கு உயிர் போன அந்த ஒரு சாண், பாதுகாப்புக் கருவி வேலை செய்த தூரம். ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1910இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். தண்டவாளத்தின் அடிப்பக்கத்திலும் ஒரு சக்கரத்தைப் பொருத்தி, வண்டி மேலே எகிறிப் போகாமல் பிடித்துவைத்தவரும் அவரே. அந்தக் காப்புரிமை 1919ஆம் ஆண்டுடையது. இன்று உலகமெங்கும் கோஸ்டரில் கூச்சலிடுகிறவர்கள் எல்லோரும் அந்த மனிதருக்குக் கடன்பட்டவர்கள் என்றே நான் நினைக்கிறேன்.

சரி, வண்டி ஏன் நின்றது? உன்னுடையது ஏன் நின்றது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. பொதுவாக நடப்பதைச் சொல்கிறேன். ரயில் பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு ரயில் இருக்கும்வரை பின்னால் வருவதற்கு சிக்னல் கொடுக்கமாட்டார்கள் இல்லையா, கோஸ்டரிலும் அதே ஏற்பாடுதான். முன்னால் போன வண்டி தன் பகுதியைக் காலி செய்துவிட்டது என்று சென்சார் சொன்னால்தான் கம்ப்யூட்டர் அடுத்ததை விடும். ஸ்டேஷனில் ஒருவருக்கு பெல்ட் மாட்டத் தாமதமானால்கூட பின்னால் வரும் வண்டி ஏற்றத்திலேயே காத்திருக்கும். அங்கே நிறுத்துவதற்கும் காரணம் உண்டு: சங்கிலியோடு சேர்த்து வண்டியைப் பிடித்துவைக்க முடிகிற இடம் அது, ஆளை இறக்கப் படிக்கட்டும் இருக்கிறது. சென்சார் ஒன்று பழுதாகிவிட்டாலும் 'பாதை காலி இல்லை' என்றே கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் நிறுத்து என்பதுதான் அதற்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

இதைவிட விசித்திரமான அனுபவம் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில் கிங்டா கா என்ற கோஸ்டரில் கிடைத்துக்கொண்டிருந்தது. 139 மீட்டர் உயரம். நின்ற நிலையிலிருந்து சில நொடிகளில் மணிக்கு 206 கிலோமீட்டர் வேகத்துக்கு உந்திவிடுவார்கள். அந்த ஒரே உந்தலில் உச்சியைத் தாண்ட வேண்டும். எதிர்க்காற்று, குளிர், மழை என்று ஏதாவது குறுக்கே வந்தால் சில சமயம் வண்டி உச்சிக்குக் கொஞ்சம் கீழே தயங்கி நிற்கும். பிறகு வந்த வழியே பின்னோக்கிக் கீழே பாயும். உள்ளே இருப்பவர்களுக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பார்! ஆனால் வண்டி கிளம்பிப் போனதுமே பாதையில் பிரேக் தகடுகள் மேலே எழும்பித் தயாராக நிற்கும். காந்தத்துக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையே பிறக்கும் எதிர்விசைதான் பிரேக். அதற்கு மின்சாரம் வேண்டாம். வேகம் கூடினால் பிடிப்பும் வலுவாக இருக்கும். அப்படிப் பின்னால் வந்து இறங்குவதைப் பாக்கியமாகக் கருதிய ரசிகர்களும் உண்டு. 2005இல் திறந்த அந்தக் கோபுரத்தை 2025 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

எல்லா நிறுத்தமும் இவ்வளவு சுகமாக முடிவதில்லை. 2023 ஜூலையில் விஸ்கான்சின் மாநிலத்தில் கிராண்டன் என்ற ஊரில் ஒரு திருவிழா. வட்டமாகச் சுழற்றும் ராட்டினம் ஒன்று உச்சியில் சிக்கிக்கொள்ள, அதில் இருந்த 8 பேர் சுமார் மூன்று மணி நேரம் தலைகீழாகவே தொங்கினார்கள். தோளை அழுத்தும் சட்டம்தான் அவர்களைத் தாங்கியது. விழவில்லை, உண்மைதான். ஆனால் தலைக்கு ரத்தம் இறங்கிக்கொண்டே இருக்கும்போது மூன்று மணி நேரம் என்பது சின்ன விஷயமில்லை. ஊர் ஊராகப் பிரித்து, லாரியில் ஏற்றி, மறுபடி பூட்டும் ராட்டினங்கள் மேல் எனக்குக் கவலை அதிகம். நம் திருவிழாக்களிலும் பொருட்காட்சிகளிலும் வருபவை இந்த வகைதான். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு போல்ட்டும் சரியாக முடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

இனி நான் சொல்லப்போவதை நிதானமாகப் படி. 2015 ஜூன் 2. இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் ஸ்மைலர் என்ற கோஸ்டர். ஒரே ஓட்டத்தில் 14 தடவை தலைகீழாகப் புரட்டும். அந்தக் கணக்கில் உலக சாதனை படைத்தது. அன்று கூட்டம் இருந்ததால் ஐந்தாவதாக ஒரு வண்டியைப் பாதையில் சேர்த்திருந்தார்கள். நடுவே ஏதோ கோளாறு. பொறியாளர்கள் சரிபார்த்து, சோதனைக்காக ஒரு காலி வண்டியை விட்டார்கள். காற்று பலமாக அடித்த நாள். காலி வண்டி மேட்டைத் தாண்ட முடியாமல் நடுப்பாதையிலேயே தங்கிவிட்டது. அது யார் கண்ணிலும் படவில்லை. பாதையில் எத்தனை வண்டி என்பதிலும் குழப்பம். அடுத்து 16 பேரோடு ஒரு வண்டி கிளம்பியது. கம்ப்யூட்டர் அதை ஏற்றத்திலேயே நிறுத்தியது. முன்னால் பாதை காலி இல்லை என்று அது சொன்னது முழு உண்மை. ஆனால் கம்ப்யூட்டர்தான் தவறாகச் சொல்கிறது என்று நினைத்து, அந்தத் தடையை நீக்கி வண்டியை விட்டுவிட்டார்கள்.

அது நடுப்பாதையில் நின்ற காலி வண்டியில் போய் மோதியது. 16 பேரும் காயப்பட்டார்கள். இரண்டு இளம்பெண்கள் ஆளுக்கொரு காலை இழந்தார்கள். சாய்ந்து நின்ற வண்டியிலிருந்து எல்லோரையும் மீட்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தண்டவாளத்திலோ வண்டியிலோ கம்ப்யூட்டரிலோ பழுது எதுவும் இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. இப்படி ஒரு தடை விழுந்தால் யார், எதை, எந்த வரிசையில் பார்த்த பிறகு வண்டியை விடலாம் என்ற ஒழுங்கான நடைமுறையைப் பொறியாளர்களுக்குக் கொடுக்காததுதான் குற்றம். 2016இல் நீதிமன்றம் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. பட்டனை அழுத்தியவர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், அவர்களை அந்த நிலையில் வைத்த அமைப்பைக் கேள்வி கேட்டது சரி என்பேன்.

வெயிலில் வரிசையில் நிற்கும்போது 'எவ்வளவு நேரம்தான் நிறுத்திவைப்பீர்கள்' என்று ஆபரேட்டரைப் பார்த்துக் கத்துகிறவர்களைப் பார்த்திருப்பாய். நீ ஒருநாளும் அப்படிக் கத்தாதே. சரிபார்த்துக்கொண்டிருக்கிறவரை அவசரப்படுத்துவது உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குச் செய்கிற கெடுதல்.

வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தாய். உட்கார்ந்த இடத்திலேயே இரு. சட்டத்துக்குள்ளிருந்து நெளிந்து வெளியே வரப் பார்க்காதே. நின்ற வண்டி சொல்லாமல் கிளம்பக்கூடும். போனைக் கையில் எடுக்காதே. அங்கிருந்து நழுவும் போன் கீழே இருப்பவர் தலையை உடைக்கும். கால் தொங்கும் சீட்டாக இருந்தால் பாதத்தையும் கெண்டைக்காலையும் அசைத்துக்கொண்டே இரு, ரத்தம் தேங்காது. பக்கத்தில் சின்னப் பிள்ளை இருந்தால் பேச்சுக் கொடு.

கண்ணையும் திறந்து வைத்திரு. 2023 ஜூனில் அமெரிக்காவின் காரோவிண்ட்ஸ் பூங்காவில், சுமார் 99 மீட்டர் உயரமுள்ள ஃப்யூரி 325 கோஸ்டரின் ஒரு தூண் விரிசல் விட்டிருந்ததை முதலில் எடுத்துச் சொன்னவர் அங்கே வந்திருந்த ஒரு பார்வையாளர். வண்டி கடக்கும்போதெல்லாம் தூண் விலகி விலகிச் சேர்வதை வீடியோ எடுத்துக் காட்டினார். கோஸ்டரை மூடினார்கள், தூணை மாற்றிச் சோதித்த பிறகு ஆகஸ்டில்தான் திறந்தார்கள். நீயும் எதையாவது பார்த்தால் ஊழியரிடம் போய்ச் சொல். அவர் சிரித்தால் மேலாளரைக் கேள்.

மறுபடி ஏறுவதாக இருந்தால், உட்கார்ந்து சட்டம் பூட்டியதும் ஊழியர் பார்த்துவிட்டுப் போனாலும் நீயே ஒருமுறை அதை மேல்நோக்கித் தள்ளிப் பார். எழும்பினாலோ, இடுப்புக்கும் சட்டத்துக்கும் நடுவே இடம் அதிகமாகத் தோன்றினாலோ, வெட்கப்படாமல் கையைத் தூக்கிக் கூப்பிடு. வண்டி ஸ்டேஷனில் நிற்கும்போதே கூப்பிட வேண்டும். கிளம்பிவிட்டால் எல்லோரும் போடும் கூச்சலில் உன் குரல் ஆபரேட்டருக்குத் தனியாகக் கேட்காது.

அன்புடன்,
அத்தை