அன்பும் அருளும்

சென்ற மாதம் எமது ஞாயிறு சமய வகுப்பில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி எம்மைச் சிந்திக்க வைத்தது. "அம்மா மாதாமாதம் ஊரிலுள்ள சொந்தக்காரருக்குக் காசு அனுப்புறா. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிற கிழவியின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அம்மாவிடம் அன்பு இருக்கிறதா, இல்லையா?"

இக்கேள்வி புதியதன்று. ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் சீனாவில் வாழ்ந்த மோட்சு என்னும் அறிஞர், தன்னவர், பிறர் என்று பாராமல் எல்லோரிடத்தும் ஒரேவிதமான அக்கறை கொள்ள வேண்டும் என்றார். வேறுபாடு காட்டுவதே பூசல்களுக்குக் காரணம் என்பது அவர் கொள்கை. அவருக்குப் பின் வந்த மென்சியஸ் இதனை மறுத்தார். எல்லோரையும் ஒரேவிதமாக நேசித்தால் பெற்ற தந்தைக்கு உரிய தனியிடம் எங்கே என்று கேட்டார். ஆயினும் அவர் அன்பை வீட்டு வாசலோடு நிறுத்தவில்லை. கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் கண்டால், அது யார் பிள்ளையானாலும் எவர் மனமும் பதறும். புகழை எண்ணி அப்படிப் பதறுவதில்லை. அந்தப் பதற்றம் நம்முள் இருக்கும் விதை. அதை வளர்ப்பது நமது கடமை என்றார்.

எமது மரபில் இதற்கு இரண்டு சொற்கள் உள்ளன. திருக்குறளில் அன்புடைமை இல்லறவியலிலும் (அதிகாரம் 8), அருளுடைமை துறவறவியலிலும் (அதிகாரம் 25) இடம்பெறுகின்றன. தொடர்புடையாரிடம் செல்வது அன்பு. தொடர்பு கருதாது எல்லா உயிர்களிடமும் செல்வது அருள் என்று பரிமேலழகர் விளக்குகிறார். அன்பே அருளைப் பெற்ற தாய் என்பது வள்ளுவர் கருத்து. ஆகவே இவை ஒன்றுக்கொன்று பகையல்ல. வீட்டில் அன்பைப் பழகாதவரிடம் அருள் பிறப்பது அரிது. அன்போடு மட்டும் நின்றுவிட்டாலோ பயணம் பாதியில் முடிந்துவிடுகிறது.

1867இல் வள்ளலார் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கியபோது, சாதி, ஊர், உறவு எதனையும் பார்க்கவில்லை. உணவு பெறுவதற்குப் பசி ஒன்றே போதிய தகுதியாயிற்று.

அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்லக்கூடிய பதில் இதுதான்: அம்மாவிடம் அன்பு நிறைய உண்டு. அதனை அருளாக்க இன்னும் ஒரு படி ஏறினால் போதும்.

பெரியவர்களாகிய நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. எமது கோயில் அன்னதானத்தில் உண்பவர்கள் பெரும்பாலும் வீட்டில் உணவுள்ள நாமே அல்லவா? இவ்வாரம் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவோம். முதலில் பெயரைக் கேட்டறிவோமாக.